விதியும் நடுவரும்: பாத்திரமேற்பு விளையாட்டில் சிக்கலான விதிகளைக் கையாளுதல் பற்றிச் சில குறிப்புகள்

விளையாட்டை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் மனோபாவம் கல்வியுலகில் நெடுங்காலமாகவே இருந்து வருகின்றது. ஆனால், மனிதர் ஒன்றுகூடித் தாமே விதிகளை ஏற்று, அவ்விதிகளுக்கு அமைய நடந்து, அவை போதாதவிடத்துத் தமக்குள் வாதாடித் தீர்வு காணும் எந்தவொரு செயலும் சமூக ஆய்வுக்குரியதே. இவ்வகையில், கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியுள்ள பாத்திரமேற்பு மேசை விளையாட்டு நமது கவனத்துக்குரியதாகின்றது.

அவ்விளையாட்டின் அமைப்பு எளிது. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தைத் தமதாக ஏற்பர். எஞ்சிய ஒருவர் நடுவர். கதை நிகழும் உலகை அவர் வருணிப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் செய்ய முனைவதைக் கூறுவர். முயற்சியின் பயன் ஐயத்துக்கிடமாகும்போது தாயக்கட்டை உருட்டப்படும். எத்தனை உருட்ட வேண்டும், எந்த எண் வந்தால் வெற்றி, தோற்றால் என்ன நேரும் என்பவற்றைச் சொல்வன விதிகள். சிக்கல் இங்கேதான் எழுகின்றது. விதிநூல்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு விரிகின்றன; மேசையிலோ ஆட்டம் நிற்காமல் ஓட வேண்டும். ஒரு தனி மனிதர் இவ்விதிகள் அனைத்தையும் எவ்வாறு தாங்குவது?

இவ்வினாவுக்கு வழமையாகத் தரப்படும் விடைகள் அதனை நினைவாற்றல் பற்றிய பிரச்சினையாகவே கொள்கின்றன. நன்கு படி, அட்டவணைகளைப் பிரதிசெய்து வை, பழகப் பழகச் சரியாகும் என்பன அவை. இவை தவறல்ல, ஆயின் போதியனவுமல்ல. விதிச் சிக்கல் என்பது அடிப்படையில் உழைப்புப் பிரிவினை பற்றியதும் அதிகாரம் பற்றியதுமான பிரச்சினையாகும். இவ்விளையாட்டின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

வரலாறு பிரஷ்யாவில் தொடங்குகின்றது. 1812இல் மூத்த றைஸ்விற்ஸ் என்பார் போர்க்களத்தை மேசைமேற் காட்டும் சாதனமொன்றை மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு அளித்தார். அவரின் மகனான இளைய றைஸ்விற்ஸ், படை அதிகாரியானவர், 1824இல் அதனை விரிவான விதிகளுடன் போர் விளையாட்டு நூலாக வெளியிட்டார். 1:8000 என்னும் அளவில் வரையப்பட்ட நிலப்படம், இரு அணிகள், இரண்டு நிமிடப் போர்க்காலத்தைக் குறிக்கும் ஒவ்வொரு சுற்று, இடையில் ஒரு நடுவர். ஆடுவோர் காய்களைத் தாமே நகர்த்துவதில்லை. கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். அவரே காய்களை நகர்த்துவார். எதிரியைக் காணக்கூடிய நிலை ஏற்படும்போது மட்டும் எதிரிப் படையைப் படத்தில் வைப்பார். சூட்டின் விளைவைத் தாயக்கட்டையும் அட்டவணையும் கொண்டு கணிப்பார். பிரதான படை அதிகாரியான மியூப்ளிங் தளபதியின் ஆதரவு கிட்டியதால் இவ்விளையாட்டு பிரஷ்யப் படையிற் பரவிற்று.

பரவியபோதே அதன் குறையும் புலப்படலாயிற்று. முழுச் சுமையும் நடுவர் தலையில் விழுந்தது. சிறுசிறு இழப்புகளுக்கெல்லாம் தாயம் உருட்டி அட்டவணை பார்த்ததில் ஆட்டம் நகர மறுத்தது. விதிகளைக் கற்கும் சிரமத்துக்கு அஞ்சி நடுவராக முன்வருவோர் அருகினர். யாக்கோப் மெக்கெல் என்னும் அதிகாரி 1873இல் இக்குறைகளை விரிவாக எடுத்துரைத்தார். (பின்னாளில், 1885இல், யப்பானியப் படைக்குப் போதிக்கச் சென்றவர் இவரே.) விதிகள் நடுவரின் அனுபவத்தைக் கட்டிப்போடுகின்றன, களத்தின் எல்லா நிலைமைகளையும் அவற்றால் முன்கூட்டியே எண்ணிவிட முடியாது என்பன அவர் முறைப்பாட்டின் சாரம். மூன்றாண்டுகளின் பின், 1876இல், வேர்டி டு வேர்னுவா என்பார் துணிந்து இறுதி அடியை எடுத்து வைத்தார். அட்டவணையும் வேண்டாம், விதிநூலும் வேண்டாம். நடுவர் தம் அறிவைக் கொண்டு தீர்ப்பளிக்கட்டும் என்றார். இது ‘சுதந்திரப் போர் விளையாட்டு’ எனப் பெயர் பெற்றது.

இன்றும் சிக்கலான விதிகளாற் சலிப்புற்ற நடுவர்கள் இம்முடிவுக்கே வருகின்றனர்: ‘விதியைத் தூக்கி எறி, நீயே தீர்மானி’. எனவே வேர்டியின் தீர்வு எத்தகைய சமூக அடித்தளத்தில் நின்றது என்பதை நோக்குதல் அவசியம். வேர்டி 1870-71 பிராங்கோ-பிரஷ்யப் போரில் மோல்ற்கேயின் தலைமையகத்திற் பணியாற்றியவர். பின்னர் போர் அமைச்சராகவும் இருந்தவர். அவர் மனங்கொண்ட மேசையைச் சுற்றி அமர்ந்தோர் சமானர் அல்லர். நடுவர் போர் கண்ட மூத்த அதிகாரி. ஆடுவோர் அவருக்குக் கீழ்ப்பட்ட இளைய அதிகாரிகள். தீர்ப்பு பிழையென்று கருதினும் எதிர்த்துப் பேசும் வழக்கம் அங்கில்லை. அதாவது, விதிநூல் அகற்றப்பட்ட இடத்தை நிரப்பியது வெறுமனே நடுவரின் அறிவு அன்று. படையின் அதிகாரப் படிநிலையே அதனை நிரப்பிற்று. எழுதப்பட்ட விதி நீங்கியபோது எழுதப்படாத விதி ஆளத் தொடங்கியது. ‘சுதந்திரம்’ என்ற அடைமொழி யாருடைய சுதந்திரத்தைக் குறித்தது என்று கேட்பது நமது கடமையாகின்றது.

அமெரிக்காவில் இவ்விளையாட்டு முற்றிலும் வேறான மண்ணில் வேரூன்றிற்று. சாள்ஸ் ரொற்றன் என்ற அமெரிக்கப் படை அதிகாரி 1880இல் ‘ஸ்ற்றற்றெகோஸ்’ என்ற பெயரில் எழுதிய நூலொன்று மினசோற்றாப் பல்கலைக்கழக நூலகத்திற் கிடந்தது. அதனை 1960களில் டேவிட் வெஸ்லி என்ற மாணவர் கண்டெடுத்தார். ஆடுபவர் எதனையும் முயலலாம், விதி சொல்லாதவற்றை நடுவர் தீர்க்கலாம் என்ற கருத்தை அதிலிருந்து அவர் பெற்றார். 1969இல் அவர் நடத்திய ‘பிறவுன்ஸ்ரைன்’ விளையாட்டு நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜேர்மன் நகரொன்றில் நிகழ்ந்தது. நகரபிதா, வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் எனத் தனித்தனிப் பாத்திரங்களை அவர் பங்கிட்டார். ஒழுங்கு குலைந்து ஆளாளுக்குத் தனியே அவரிடம் வந்து தத்தம் சூழ்ச்சியைக் கூறலாயினர். ஆட்டம் தோற்றுவிட்டதென்றே அவர் கருதினார். ஆடியவர்களோ மீண்டும் வேண்டும் என்றனர். பின்னொரு தடவை இலத்தீன் அமெரிக்கக் கற்பனை நாடொன்றிற் களம் அமைந்தபோது, புரட்சியாளன் பாத்திரம் ஏற்ற டேவ் ஆணெசன் என்பவர், தம்மை அமெரிக்க உளவாளியாகக் காட்டிக்கொண்டு ஏனையோரை ஏமாற்றிய கதை இவ்விளையாட்டு வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகின்றது. அதற்கு எந்த விதியும் இருக்கவில்லை என்பதே அக்கதையின் சுவை.

ஆணெசனும் விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த காறி கைகக்ஸும் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ 1974இல் மூன்று சிறு நூல்களாக, பத்து டொலர் விலையில், ஆயிரம் பிரதிகள் வெளிவந்தது. அதன் விதிகள் இடையிடையே தெளிவற்றவை. வேறொரு விளையாட்டின் விதிநூலைக் கைவசம் வைத்திருப்போரை எண்ணி எழுதப்பட்டவை. ஆசிரியர்களும் இதனை மறைக்கவில்லை. எஞ்சியதை நீங்களே கற்பனை செய்து அமைத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்துடனேயே நூலை முடித்தனர். வாசகர் அவ்வாறே செய்தனர். அரிசோனா மாநிலத்து நூலகரான கென் சென்ற் ஆன்ட்றே அவ்விதிகளால் அலுப்புற்று 1975இல் தாமே எளிய விளையாட்டொன்றை எழுதி வெளியிட்டார். ஊருக்கொரு விதி, மேசைக்கொரு வழக்கு என்ற நிலை உருவாயிற்று.

ஆனால் விளையாட்டு பண்டமாகிவிட்டது. பண்டச் சந்தைக்கு ஊருக்கொரு விதி உதவாது. 1977 முதல் 1979 வரை கைகக்ஸ் மூன்று பெருநூல்களாக ‘அட்வான்ஸ்ட்’ வடிவத்தை வெளியிட்டார். நடுவருக்கான நூல் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்டது. எந்த ஆயுதம் எந்தக் கவசத்துக்கு எதிராக எவ்வளவு கூடும், குறையும் என்பதற்கு ஓர் அட்டவணை; மல்லுக்கட்டுக்கு இன்னோர் ஏற்பாடு. இவற்றுட் பலவற்றை எத்தனையோ மேசைகள் சத்தமின்றிக் கைவிட்டன. அந்நூலின் முன்னுரை எல்லா மேசைகளிலும் ஓரளவு ஒருமைப்பாடு வேண்டும் என வற்புறுத்துகின்றது. பின்னுரையோ விதியின் எழுத்தல்ல, ஆட்டத்தின் உயிர்ப்பே முக்கியம், நடுவரே இறுதித் தீர்ப்பாளர் என்கின்றது. ஒரே நூலில் இவ்விரு குரல்களும் ஒலிப்பது தற்செயலானதன்று. ஆக்கத்தின் தேவையும் விற்பனையின் தேவையும் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கும் இடம் அது. ‘அட்வான்ஸ்ட்’ வேறு விளையாட்டு என்று கொம்பனி கூறியமையும், உரிமைத்தொகை தமக்கும் உரியதென ஆணெசன் 1979இல் வழக்குத் தொடுத்து 1981இல் இணக்கம் கண்டமையும் இப்பின்னணியில் நோக்கத்தக்கன. விதிகள் ஏன் பெருகின என்ற வினாவுக்கு உண்மை நிலையைத் துல்லியமாகக் காட்டும் ஆசை ஒரு விடை; புதிய நூல் ஒவ்வோராண்டும் விற்கப்பட வேண்டும் என்பது மற்றொரு விடை.

இது முழு உண்மையன்று என்பதையும் கூறவேண்டும். விதி பெருகியதை வணிகச் சூழ்ச்சியாக மட்டும் காண்பது கொச்சைப் பொருளாதாரவாதமே. படையதிகாரிகளின் மேசையில் இல்லாத ஒன்று இம்மேசையில் உண்டு: அமர்ந்திருப்போர் நண்பர்கள், சமானர்கள். நடுவரின் தீர்ப்பைத் தாங்கிப் பிடிக்க வெளியே எந்தப் பதவியும் இல்லை. அதனால் ஆடுவோருக்கு விதிநூல் ஓர் உரிமைப் பத்திரமாகின்றது. ‘என் பாத்திரம் இதைச் செய்ய முடியும் என்று நூல் சொல்கிறது’ என்ற கூற்று, நடுவரின் மனம்போன போக்குக்கு எதிரான காப்பு. விதியை இகழ்ந்து பேசும் நடுவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகின்றனர்.

இனி நடைமுறைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பில் ஒருவரைக் கட்டிப்பிடித்து மடக்குவதற்கான விதி எடுத்துக்காட்டாக அமையத்தக்கது. காவலன் மணியை அடிக்காதவாறு அவனைப் பிடித்துக்கொள்கிறேன் என ஒருவர் கூறுகிறார். சொல்ல ஒரு கணம். விதியோ நான்கு படி கொண்டது. முதலிற் காவலன் இடைவெட்டாக ஒரு முறை தாக்கலாம். அத்தாக்கு பட்டால் முயற்சி அத்துடன் முடிந்தது. படாவிட்டால், தொடுவதற்கு ஓர் உருட்டு. தொட்டபின் இருவரும் எதிரெதிராக உருட்டிப் பலம் பார்க்க வேண்டும். இங்கே உடலளவு ஒரு படி கூடினால் நான்கு கூட்டல், குறைந்தால் நான்கு கழித்தல். வென்றால் எதிரியின் இடத்துக்குள் நகர வேண்டும். அடுத்த சுற்றில் மீண்டும் வேறு தெரிவுகள். இவ்விதியை நினைவிலிருந்து சொல்லக்கூடிய நடுவர் சிலரே. அவர் நூலைப் புரட்டும்போது மற்றையோர் காத்திருக்கின்றனர். காவலனின் கை மணியை நோக்கி நீண்டபடியே உறைந்து நிற்கின்றது.

இங்கு நடுவர் செய்யத்தக்கது என்ன? பரவலாக ஏற்கப்பட்ட வழி, அப்போதைக்கு ஒரு தீர்ப்பைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்துவது. இருவரும் ஒருமுறை எதிரெதிராக உருட்டுக, கூடியவர் வென்றார் என்பது போதும். நேரக் கணக்கில் இது முற்றிலும் நியாயமானது. ஆயினும் இவ்வழி ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. அந்த ஆட்டக்காரர் தம் பாத்திரத்தை மல்லனாகவே வளர்த்தெடுத்தவர் எனக் கொள்வோம். பிடிப்பதிற் சிறப்புத் தேர்ச்சியை அவர் தெரிவுசெய்திருக்கிறார். அதனால் இடைவெட்டுத் தாக்குதல் அவருக்கு இல்லை, எதிருருட்டில் அவருக்கு நான்கு கூடும். அதற்காக வேறு தெரிவுகளை அவர் இழந்திருக்கிறார். வெறும் உருட்டாக நடுவர் எளிமைப்படுத்தும்போது அவர் பல மாதம் இட்ட உழைப்பு ஒரு வார்த்தையிற் பறிபோகின்றது. நடுவருக்குச் சிக்கலாகத் தோன்றும் விதி இன்னொருவருக்கு உடைமை. ஆகவே எளிமையாக்கும் முன் கேட்க வேண்டிய வினா ‘இவ்விதி கடினமா’ என்பதன்று. ‘இவ்விதி நீங்கினால் யார் இழக்கின்றார்’ என்பதே. எவரும் இழக்காவிடின் தயங்காமல் விலக்கலாம். ஒருவர் இழப்பாராயின் அவ்விதியைப் படித்து வரும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைக்கலாம்; அவர் அதனை மகிழ்வுடன் செய்வார்.

மேற்கூறியதன் பொதுவடிவமே உழைப்பைப் பகிர்தல். மந்திரவாதிப் பாத்திரத்தை ஏற்றவர் தம் மந்திரங்களின் விதிகளை எழுதிக் கையில் வைத்திருத்தல் வேண்டும். சண்டையில் யார்முறை என்னும் வரிசையை ஒருவர் கணித்துக்கொள்ளலாம். நடந்தவற்றை ஒருவர் குறித்துக்கொள்ளலாம். ஏறத்தாழ எல்லா மேசைகளிலும் விதியின் ஒவ்வோர் எழுத்தையும் அறிந்து நடுவரைக் குறுக்கிடும் ஒருவர் இருப்பார். அவரைச் ‘சட்டத்தரணி’ என ஆங்கில வழக்கிற் கேலிசெய்வர். அவரை அடக்க முயலும் நடுவர் தம் வலுவை வீணாக்குகின்றார். அவரை மேசையின் நூலகராக்குவதே விவேகம். விதியின் பாடத்தைத் தேடி வாசிப்பது அவர் பணி. அதனை இவ்விடத்துக்குப் பொருத்துவது நடுவர் பணி. பாடமும் உரையும் வெவ்வேறு என்பதை நமது உரையாசிரியர் மரபை அறிந்தோருக்கு விளக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் இயலிறுதியிற் புறனடை வைத்தமையும் இங்கு நினைவுக்கு வருகின்றது. சொல்லாது விடப்பட்டவற்றுக்கும் சொன்னவற்றின் வழியே இடம் தரும் சூத்திரம் அது. நடுவரின் தீர்ப்பதிகாரமும் அத்தகைய புறனடையே. நூல் முழுவதையும் விழுங்கிவிடும் உரிமை அதற்கு இல்லை.

தீர்ப்பு எழுத்திற் பதியப்படாவிடின் அது வழக்காவதில்லை. சென்ற கிழமை சுவரேற ஓர் உருட்டுப் போதும் என்று கூறியவர் இக்கிழமை மூன்று கேட்டால் ஆடுவோரின் நம்பிக்கை உடையும். ஒரு கொப்பியில் அன்றன்று வழங்கிய தீர்ப்பை ஒரு வரியிற் குறித்து, ஆட்டம் முடிந்தபின் நூலைப் பார்த்து, அடுத்த அமர்வின் தொடக்கத்தில் ‘நூல் இப்படிச் சொல்கிறது, நாம் எதை வைத்துக்கொள்வோம்’ எனக் கேட்பது நல்ல வழக்கம். சண்டை நடுவில் வாதாடுவதிலும், பந்தயம் எதுவும் இல்லாத வேளையில் வாதாடுவது பயனுடையது.

விதிகளைப் படிப்படியாக அறிமுகம் செய்வதும் பழைய உத்தியே. 1977இல் எரிக் ஹோம்ஸ் தொகுத்த தொடக்க நூல் முதல் மூன்று நிலைகளை மட்டும் கற்பித்தது. 1983 முதல் வெளிவந்த பெட்டிகள் ஒவ்வொன்றும் அடுத்த படியைத் திறந்தன. பாடசாலை வாசிப்புநூல் போன்ற இவ்வமைப்பை நடுவரும் கைக்கொள்ளலாம். முதல் அமர்வுக்கு ஓர் அடிப்படை உருட்டுப் போதும். மல்லுக்கட்டும் கடற்பயணமும் கதை அவற்றைக் கேட்கும்போது வரட்டும்.

விதியாக்குவோரும் பாடம் கற்றனர். 2014இன் ஐந்தாம் பதிப்பு பலவகைக் கூட்டல் கழித்தல்களை நீக்கி, சாதகமான நிலையில் இருப்பவர் இருபது முகத் தாயக்கட்டையை இருமுறை உருட்டிக் கூடியதை எடுக்கட்டும் என்றது. பதினொன்றோ அதற்கு மேலோ வேண்டிய இடத்தில் வெற்றி வாய்ப்பு 50 வீதத்திலிருந்து 75 வீதமாகின்றது. நுணுக்கம் சற்றுக் குறைந்தது. நடுவரின் மனக்கணக்குப் பெரிதும் குறைந்தது. முயற்சியின் கடினத்துக்கும் ஓர் எளிய அளவுகோல் உண்டு: எளியதற்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. இம்மூன்று எண்ணை அறிந்தவர் நூலைத் திறவாமலே ஓர் அமர்வின் பெரும்பகுதியை நடத்திவிடலாம்.

எதிர்மாறாக, மூன்றாம் பதிப்பின் ஆக்கத்திற் பங்குகொண்ட மொன்ரி குக், விதிகளில் வல்லோருக்குப் பயன் கிட்டுமாறு சில தெரிவுகள் வேண்டுமென்றே ஏனையவற்றிலும் மேலானவையாக அமைக்கப்பட்டன எனப் பின்னர் எழுதினார். எது சிறந்தது என்று நூல் சொல்லாது. தேடிக் கண்டவருக்கே பலன். இங்கு விதியறிவு ஒரு மூலதனமாகின்றது. நேரமும் நூல் வாங்கப் பணமும் உள்ளவர் அதைச் சேர்க்கின்றார். புதிதாய் வந்தவர் மேசையில் இரண்டாம்தரக் குடிமகனாகின்றார். இதனை நடுவர் சரிசெய்ய விரும்பின், எந்தத் தெரிவு பயனற்றது என்பதைப் புதியவருக்கு வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். தெரிந்து தெரிந்த பின்னரும் மாற்ற இடமளிக்க வேண்டும்.

பின்னர் வழக்குக்கு வந்த கணினி மேசைகள் கணக்கைத் தாமே செய்கின்றன. நன்மைதான். ஆனால் கணினிக்குள் புகுந்த விதியை மேசையில் இருப்போர் இலகுவில் மாற்ற முடிவதில்லை. ஏன் இந்த எண் வந்தது என்று கேட்கவும் மறந்துவிடுகின்றனர். விதி யாருடையது என்ற வினா 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே வெடித்தது. பிறரும் விதிகளைப் பயன்படுத்தி நூலாக்க 2000இல் வழங்கிய அனுமதியை மாற்றக் கொம்பனி முயன்றதும், ஆடுவோரும் சிறு வெளியீட்டாளரும் கிளர்ந்தெழுந்தனர். அம்மாத இறுதிக்குள் கொம்பனி பின்வாங்கி, அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தத்தக்க பொது உரிமத்தின் கீழ் விடுவித்தது.

நடுவரின் ஆசனம் நிலையாக ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டுமா என்பது இன்னும் பேசப்படவில்லை. யொனதன் ருவீற், மார்க் றைன்-ஹேகன் ஆகியோர் 1987இல் வெளியிட்ட ‘ஆர்ஸ் மாஜிக்கா’ மத்தியகால ஐரோப்பிய மந்திரவாதிகளைப் பற்றியது. மந்திரத்துக்கான அதன் விதிகள் எளியன அல்ல. ஆயினும் அந்நூல் நடுவர் பொறுப்பைக் குழுவினர் மாறி மாறி ஏற்கும் முறையைப் பரிந்துரைத்தது. அவ்வாறு ஆடும் குழுவில் எல்லாரும் ஒருமுறையேனும் அவ்வாசனத்தின் சுமையை அறிகின்றனர். விதியைக் காட்டி நடுவரை மடக்குபவர் அடுத்த மாதம் தாமே மடக்கப்படும் நிலைக்கு வருகின்றார். அதே ருவீற் பின்னர் 2000இன் மூன்றாம் பதிப்பை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அப்பதிப்பின் நூல்கள் நடுவரை மீண்டும் ஒருவராகவே கொண்டன. மாறி மாறி அமரும் வழக்கத்தைக் கைக்கொண்ட குழுக்கள் அதனைத் தாமாகவே தொடர்ந்து வந்தன.